முள் பின்னால் வரும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மொட்டை மாடி. அந்த மாடியிலே பாதியாக அறுத்த ஒரு நீல டிரம். அந்த டிரம்மிலே ஒரு மரம். அந்த மரத்தின் கழுத்திலே ஒரு பெயர்ச்சீட்டு. அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத்தானே தம்பி இலையில் கை வைக்கப் போனீங்க? கையை எடுங்க. அது அந்த மரம் இல்லை.

நிஜமாகத்தான். சீட்டில் 'முள் சீத்தா' என்றுதான் போட்டிருக்கிறது. என் கையெழுத்துதான். ஆனாலும் அது அது இல்லை. உங்களுக்கு வேண்டியது இந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நிற்கிறது பாருங்க, அதுதான். அதில் ஒன்பது இலை எண்ணிப் பறித்துத் தருகிறேன். அதற்கு முன்னால் இந்த டிரம் கதையைச் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் யாருக்கும் இலை கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் என்னைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது பாருங்க.

உட்காருங்க. அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்க. சாரல்தான், ஒன்றும் செய்யாது. கீழே ஆட்டோவில் இருப்பது வீட்டுக்காரம்மாவா? மேலே வரச் சொல்லலாமே. படி ஏற முடியாதா? சரி, இருக்கட்டும். பூரணம் கீழேதான் இருக்கிறாள், என் சம்சாரம். மோர் கொடுப்பாள், பேசிக்கொண்டிருப்பாள். அவள் மாடிக்கு வருவதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. மூட்டு வலி என்கிறாள்.

எத்தனை மணிக்குத் திருநெல்வேலியில் இருக்க வேண்டும்? ஐந்து மணிக்குள் அவங்களை வார்டில் சேர்க்கணும், நாளைக்குக் காலையில் ஆபரேஷன். ஆமாம், வந்ததுமே சொன்னீங்க. அதை ஒரு மண்டலம் தள்ளிப் போடலாமா, இந்த இலையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேட்கத்தான் புளியங்குடியிலிருந்து இறங்கி வந்திருக்கீங்க. புரிகிறது. அதைச் சொல்வதற்கும் இந்தக் கதை வேண்டும்.

ஒன்றே ஒன்று. நான் சொல்லச் சொல்ல நீங்கள் 'ம்' கொட்ட வேண்டும். எங்கள் வீட்டில் கதை என்றால் அப்படித்தான் பழக்கம். 'ம்' வராவிட்டால் எனக்குச் சொல்ல வராது. கேட்கிற ஆள் எழுந்து போய்விட்டானோ என்று இருக்கும்.

ம். அதுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் குத்தாலிங்கம். மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் லேப் அசிஸ்டென்ட். ஊரில் 'லேப் சார்' என்பார்கள். கொஞ்ச காலத்தில் லேப் உதிர்ந்து 'சார்' மட்டும் நின்றது. இப்போது சில பேர் தாவரவியல் வாத்தியார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் ஒவ்வொருத்தராகப் பிடித்து இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? என் வேலை பாட்டில் கழுவுவது, அதற்குப் பெயர் ஒட்டுவது. பெயர் ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அமிலமும் தண்ணீரும் பார்வைக்கு ஒன்று போலத்தான் தம்பி இருக்கும். எது எது என்று சீட்டுதான் சொல்லும். 'சீட்டைப் படிக்காமல் பாட்டிலைத் தொடாதே' என்று முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

ஐந்து வருஷம் முன்னால், இதே ஆனி மாதம், இதே போலச் சாரல். ரிட்டயர் ஆன புதிது, பொழுது போகவில்லை. போனில் ஒரு குரல் வந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருத்தருக்கு அனுப்பி, எனக்கு வந்தது. முள் சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் உடம்பில் எந்தக் கட்டியானாலும் கரையும், ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றது. யார் பண்ணினார்கள், எங்கே பண்ணினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல கனமான குரல்.

சரி, ஒரு கன்று வீட்டில் நிற்கட்டும் என்று நாற்றுப்பண்ணை ராசையாவிடம் போனேன். "விதைக் கன்னு வேணுமா, ஒட்டுக் கன்னு வேணுமா அண்ணாச்சி?" என்று கேட்டான். எது சீக்கிரம் வரும் என்றேன். ஒட்டுதான் என்றான். ஒட்டு என்றால் என்ன தெரியுமா? அடியில் ராமசீத்தா. அதற்கு வேர் கெட்டி, எந்த மண்ணிலும் நிற்கும். அதன் தண்டைச் சாய்வாகச் சீவி, முள் சீத்தாக் குச்சியையும் அதே போலச் சீவி, இரண்டையும் பொருத்தி நாடாவால் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். பிடித்துக்கொண்டால் அடி ஒரு மரம், தலை ஒரு மரம். நமக்கு வேண்டியது தலை.

ராசையா அன்றைக்கே சொன்னான். "நாடாவுக்குக் கீழ துளிர் வந்துதுன்னா கிள்ளிப் போட்டுருங்க அண்ணாச்சி. அது அடியில உள்ளவன் எட்டிப் பாக்கான்னு அர்த்தம்." நான் தலையை ஆட்டினேன். எனக்குப் போய் இதைச் சொல்கிறானே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்கூட.

டிரம்மை அறுத்து, அடியில் மூன்று ஓட்டை போட்டு, ஓட்டுச் சில்லு வைத்து, செம்மண்ணும் ஆற்று மணலும் சாணிப்பொடியும் கலந்து வைத்தேன். டப்பா மூடியை நறுக்கி, அழியாத மையில் பெயர் எழுதி, செம்புக் கம்பியில் கோத்துக் கட்டினேன். அந்தச் சீட்டுதான் நீங்கள் படித்தது. கன்று ஜம்மென்று வந்தது. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு.

அடுத்த சித்திரையில் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போனோம். இருபத்திரண்டு நாள். மாடிச் சாவியைச் சண்முகவடிவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். எதிர் வீடு. அந்தா, பச்சைக் கதவு, பூட்டியிருக்கிறதே, அதுதான். தையல் மிஷின் போட்டிருந்தாள். நாற்பது, நாற்பத்தொன்று வயது இருக்கும். வீட்டுக்காரன் ஆவுடையப்பன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். காலையில் ஆறு மணிக்கு அவள் மிஷின் சத்தம் கேட்டால்தான் எங்கள் தெருவுக்கு விடிந்தது என்று கணக்கு. சட்டை அளவெடுக்க டேப் வேண்டாம் அவளுக்கு, ஆளைப் பார்த்தால் போதும். பூரணத்துக்கும் அவளுக்கும் ஒரே சிரிப்புதான் எப்போதும்.

நாங்கள் திரும்பி வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "சார், ஒங்க மரம் செத்துப் போச்சு சார். வெயிலு தாங்கல. இலையெல்லாம் உதுந்து கம்பா நின்னுச்சு. எனக்குச் சோறு எறங்கல. காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் ஊத்தினேன். பதினஞ்சாம் நாளு பாத்தா, அடியில பச்சை. பொழச்சுக்கிட்டு சார்."

மேலே வந்து பார்த்தேன். தலை காய்ந்து சுள்ளியாகிவிட்டது. அடியில் மூன்று துளிர், விரல் நீளம். அவளுக்கு முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்துக் காய்ந்த தலையை நறுக்கி எறிந்தேன். நாடா வெயிலில் உரிந்து தொங்கியது, அதையும் பிய்த்துப் போட்டேன். சீட்டைக் காய்ந்த குச்சியிலிருந்து அவிழ்த்து, புதுத் துளிரில் நல்லதாக ஒன்றைப் பார்த்துக் கட்டினேன்.

ம் சொல்லுங்க தம்பி.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீங்க. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. உட்கார்ந்து கதை கேட்கும்போது எல்லோருக்கும் உடனே தெரிகிறது. அன்றைக்கு எதிரில் ஒருத்தி செத்ததைப் பிழைக்க வைத்த சந்தோஷத்தில் நிற்கும்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தத் துளிர் இரண்டு வருஷத்தில் என் உயரத்துக்கு வந்தது. இலை நீளமாக, ஒல்லியாக, மினுமினுப்பு இல்லாமல் வந்தது. டிரம்மில் வளர்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் நாலைந்து பேர் வந்து இலை வாங்கிப் போயிருந்தார்கள். ஒருத்தருக்குக் கால் கட்டி, ஒருத்தருக்கு வயிற்று எரிச்சல். கேட்டதும் சும்மா கொடுத்தேன். ஒரு பைசா வாங்கியதில்லை, அதை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்க. ஒரே ஒரு நிபந்தனைதான். இலையை வாங்கிக்கொண்டு போகும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. மருந்து வாங்குகிற இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்வார்களா? சொன்னால் சீக்கு திரும்பி வரும். பேசாமல் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிவிட வேண்டும்.

அந்த வருஷம் ஆவணி. வடிவு மாடிக்கு வந்தாள். மரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் திரும்பியபடியே சொன்னாள். "சார், மாருல ஒரு கட்டி. டாக்டரு பாத்துட்டாவ. ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிரணும்னு சொல்லுதாவ. இப்பத்தான் ஆரம்பமாம், பயப்பட ஒண்ணும் இல்லைங்காவ. ஆனா எடுத்துருவாவளாம்." பிறகு மரத்தைத் தடவிக்கொண்டு, "இது என் கையால பொழச்ச மரம். என்னைப் பொழைக்க வைக்காதா சார்?" என்று கேட்டாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொல்லவில்லை தம்பி. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. 'ஒரு மண்டலம் பார்' என்றுதான் சொன்னேன். இதைக் குடிக்கும்போது ஆஸ்பத்திரி மருந்து கூடாது, இரண்டையும் கலக்கக் கூடாது என்று போனில் அந்தக் குரல் சொன்னதைச் சொன்னேன். அவ்வளவுதான். போவதும் போகாததும் அவள் இஷ்டம்.

தினமும் காலையில் வருவாள். ஒன்பது இலை. பூரணம் கீழே நின்று "அந்தப் பிள்ளையை டாக்டர்ட்ட அனுப்புங்க" என்பாள். நான் "நடுவில் பேசாதே" என்பேன். வடிவு இலையை முந்தானையில் வாங்கிக்கொண்டு, வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு இறங்குவாள். பழக்கம் பாருங்க, அவள் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வாரேன்' சொல்லாமல் கிளம்பமாட்டாள். எங்கள் வீட்டிலிருந்து எதிர் வீட்டுக்குப் போக எத்தனை அடி, அதற்கும் சொல்வாள். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்குவாள், எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் மண்டலம் முடிந்தது. "எப்படி இருக்கு?" என்றேன். "கூடவும் இல்ல, கொறையவும் இல்ல சார்." கூடவில்லை என்றாலே வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? அதைத்தான் சொன்னேன். இன்னொரு மண்டலம் என்றேன்.

ஐப்பசியில் மரம் காய் பிடித்தது. எலுமிச்சை அளவு, பச்சையாக, வழுவழுவென்று. வடிவுதான் முதலில் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்து, "என்ன சார், பேரு முள் சீத்தாங்கிய, ஒரு முள்ளையும் காணலியே?" என்றாள்.

"முள் பின்னால் வரும்" என்றேன்.

அவள் ஒரு இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள், துணி வாங்கும்போது தேய்ப்பாளே, அப்படி. "நீங்க ஊருக்குப் போகும்போது விட்டுட்டுப் போனது ரெக்சின் மாதிரி இருந்துச்சு சார். இது பாப்ளினு மாதிரி இருக்கு. வேற துணி மாதிரில்லா இருக்கு?"

"உனக்குத் துணி தெரியும் வடிவு. எனக்குச் செடி தெரியும்" என்றேன்.

"அதுஞ்சரிதான்" என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

பூரணமா கூப்பிடுகிறாள்? இல்லை, ஆட்டோக்காரன். ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க. முக்கியமான இடம் இதுதான்.

மார்கழி. மூன்றாவது மண்டலம் ஓடிக்கொண்டிருந்தது. வடிவின் மிஷின் சத்தம் ஆறு மணிக்கு என்பது எட்டு ஆகி, பிறகு ஒரு நாள் கேட்கும், இரண்டு நாள் கேட்காது என்று ஆகிவிட்டது. கை தூக்க முடியவில்லை என்றாள். அந்தச் சமயத்தில் ராசையா இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தென்னங்கன்று கொண்டு வந்தவன், நம் மரம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஏறி வந்தான். டிரம்மைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். காய் இதற்குள் கைப்பிடி அளவு, லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது.

"அண்ணாச்சி, இந்தச் சீட்டு எதுக்குக் கட்டியிருக்கிய?" என்றான்.

"மரத்துக்குத்தான்."

"மரம் எங்க?"

"இதுதானே ராசையா."

"இது நான் அடியில வச்ச ராமசீத்தால்லா. மேல வச்சதை வெட்டிப் போட்டுட்டு, அடியில வச்சவனுக்குத் தண்ணி ஊத்தி வளத்திருக்கிய. நான் என்ன சொன்னேன், நாடாவுக்குக் கீழ வந்தா கிள்ளிப் போடுங்கன்னு சொன்னேனா இல்லியா?" அவனுக்குச் சிரிப்பு. காயை ஒரு தட்டு தட்டினான். "போகட்டும், பழம் நல்ல ருசியா இருக்கும். பேத்தி பேரனுக்குக் குடுங்க."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கு இலை கொடுக்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

அவன் போன பிறகு நான் இந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். பச்சைக் கதவு திறந்திருந்தது. வடிவு வாசலில் நாற்காலி போட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், கையால் செய்கிற சின்ன வேலை எதற்கோ. நிமிர்ந்து பார்த்து, என்ன சார் என்று தலையை அசைத்தாள். நான் ஒன்றுமில்லை என்று தலையை அசைத்தேன்.

மறுநாள் காலையில் வந்தாள்.

என்ன தம்பி, 'ம்' நின்றுபோய்விட்டதே.

சொல்லுங்க, நான் என்ன செய்திருக்க வேண்டும்? மண்டலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. மண்டலத்தை நடுவில் முறிக்கக் கூடாது. அவள் அந்த மரத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கை எனக்குத் தெரியும். 'இது அது இல்லை வடிவு' என்று சொன்னால் அந்த நிமிஷமே விழுந்துவிடுவாள். நம்பிக்கையும் மருந்துதானே? ஒன்பது இலை பறித்தேன். முந்தானையை விரித்தாள், போட்டேன். அவள் படி வரைக்கும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்து, வாயைப் பொத்தவில்லை, "போயிட்டு வாரேன் சார்" என்று சொன்னாள்.

நூற்று இருபத்தைந்து நாள் சொல்லாதவள் அன்றைக்குச் சொன்னாள்.

கேட்டீங்களா? அத்தனை நாள் கட்டிக் காத்த கட்டுப்பாட்டை அன்றைக்கு விட்டாள். நான் அப்போதே சொன்னேன் பூரணத்திடம், 'இவள் இப்படிச் சொல்லிவிட்டாளே, இனி எப்படி இலை வேலை செய்யும்' என்று. பூரணம் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல. அதற்குப் பிறகு அவள் இந்தப் படியில் ஏறவில்லை.

மீதிப் பதினெட்டு நாளும் கொடுத்தேன். ராசையாவிடம் போய் அசல் இலையாக வாங்கி வந்து இடையிடையே கலந்துகூடக் கொடுத்தேன், நாலைந்து நாள். அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

பொங்கல் கழித்து ஆவுடையப்பன் அவளை லோடு ஆட்டோவிலேயே மெத்தை போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனான். எலும்புக்குப் போய்விட்டது, இனி எடுத்துப் பிரயோஜனம் இல்லை என்றார்களாம். பங்குனி பத்தாம் தேதி போய்விட்டாள்.

ஆமாம் தம்பி. போய்விட்டாள்.

இப்போது என் வருத்தத்தைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். துட்டி வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? மிஷினை ஓரமாக நகர்த்தி அந்த இடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். பூரணம் காலையிலேயே போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியில் நாற்காலியில் ஒரு மணி நேரம் இருந்தேன். கிளம்பும்போது ஆவுடையப்பன் எதிரில் வந்தான். கையைப் பிடித்தேன். வாய் தானாக, "போயிட்டு வாரேன் ஆவுடையப்பா" என்று சொல்லிவிட்டது.

நான். ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது என்று சொன்ன நான், துட்டி வீட்டில் நின்று சொன்னேன்.

அவன் கையை உருவிக்கொண்டான். சத்தம் போடவில்லை. "வர வேண்டாம் சார்" என்றான்.

அப்படிச் சொல்லலாமா தம்பி? அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவில் என்னை ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. நான் வாய் தவறிச் சொன்னது தப்புதான், துட்டி வீட்டில் சொல்லக் கூடாத சொல்தான். அதற்குத்தான் அப்படிச் சொன்னான், வழக்கத்துக்காகச் சொன்னான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றேகால் வருஷம் ஆகிறது, அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. பதினாறு முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டுச் செங்கோட்டைக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டான். எதிரில் பார்த்தால் கேட்கலாம் என்று இருக்கிறேன், எதற்காக அப்படிச் சொன்னாய் என்று. வரவேயில்லை.

ம் கொட்டுங்க.

சரி, விடுங்க. தவறு எங்கே என்று நான் கண்டுபிடித்துவிட்டேன், திருத்தியும்விட்டேன். அதுதான் உங்களுக்கு வேண்டியது. இங்கே நிற்பதெல்லாம் விதைக் கன்று. ஒட்டே கிடையாது. அசல் பழம் ஒன்று வாங்கி, பதினாலு விதை எடுத்து, ஒரு பகல் வெந்நீரில் ஊறப் போட்டு, பால் கவரில் ஊன்றினேன். இருபத்தெட்டாம் நாள் மண் வெடித்தது. பதினொன்று வந்தது. பெரியது இதுதான், ஒன்றரை வயது. அடியும் அதுதான், தலையும் அதுதான். எங்கே வெட்டினாலும், எங்கே துளிர்த்தாலும் அதுதான் வரும். இலையைத் தேய்த்துப் பாருங்க. ரெக்சின். வடிவு சொன்ன மாதிரியே.

டிரம்மில் உள்ளதை ஏன் வெட்டவில்லை என்றா கேட்கிறீங்க? வெட்டலாம். அவள் குடம் குடமாக ஊற்றின மரம். சீட்டையாவது அவிழ்த்திருக்கலாம்தான். அதற்கென்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கம்பி இறுகி மரப்பட்டைக்குள் போய்விட்டது. அறுத்தால் மரத்துக்குக் காயம் படும்.

இந்தாங்க, பறித்துவிட்டேன். ஏழு, எட்டு, ஒன்பது. காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதித் தருகிறேன். மூன்று டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்ற வையுங்க. இதைக் குடிக்கும்போது ஊசி மருந்து ஒன்றும்…

யாரது? ஓ, இவங்கதானா. ஏன்மா படி ஏறினீங்க, தம்பி இதோ வந்துகொண்டிருக்கிறாரே. மூச்சு வாங்குகிறது பாருங்க. உட்காருங்க. உட்காரமாட்டீங்களா. மோர் குடிச்சீங்களா? பூரணம் ஏதாவது சொன்னாளா? அவள் கொஞ்சம் வாய் அதிகம்.

என்ன கேட்டீங்க?

ஆமாம்மா. மூன்று மண்டலம். ஆவணியில் ஆரம்பித்தாள்.

மூன்று மண்டலம் என்றால் எத்தனை மாசமா? ஒரு மண்டலம் நாற்பத்தெட்டு நாள். மூன்றுக்கு… நாங்கள் மாசக் கணக்கில் பார்ப்பதில்லை, மண்டலக் கணக்குதான். நூற்று நாற்பத்து நாலு நாள். மாசம் என்று பார்த்தால்…

அஞ்சு மாசம். ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான். அஞ்சு மாசத்துக்கு ஆறு நாள் குறைவு.

டாக்டர் அவளுக்கு எத்தனை நாளுக்குள் வரச் சொன்னார் என்றா? முதலிலேயே சொன்னேனே தம்பியிடம். ஒரு மாசத்துக்குள் என்று. ஆரம்பம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று.

நான் போகாதே என்று சொல்லவில்லைம்மா. ஒரு மண்டலம் பார் என்று…

தம்பி, எழுந்துட்டீங்களே. கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இல்லை, முடிந்துவிட்டதுதான். வாளி கிடக்கட்டும், நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். சாரல் வலுக்கிறது. மாடிப்படி வழுக்கும், அவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. ஐந்து மணிக்குள்ளே போய்விடலாம், இப்போது இரண்டரைதான். தென்காசியிலிருந்து நேர் பஸ் இருக்கிறது.

என்னம்மா, என்ன சொன்னீங்க?

'போயிட்டு வாரோம் சார்' என்றா?

அம்மா, அதைச் சொல்லக் கூடாதும்மா. அதுதானே இவ்வளவு நேரமும் சொன்னேன். இலை வாங்கினவங்க அந்தச் சொல்லை…

தம்பி, பொட்டலம் சுவரிலேயே இருக்கிறது.

இருக்கட்டும்.

இல்லைம்மா, சரிதான். நீங்கள் ஒன்றும் வாங்கவில்லையே. வாங்காதவங்க சொல்லலாம். நன்றாகச் சொல்லலாம். நான் இந்த மாடியில் நின்று யாருக்கும் திருப்பிச் சொன்னதில்லை, அதுதான் வாய் வரவில்லை.

மூணாவது படி கொஞ்சம் உயரம், பார்த்து இறங்குங்க.

போயிட்டு வாங்கம்மா.